கோபுரமும் சாவடியும்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 75 கிலோமீட்டர் பயணம் செய்தால் முதலில் வருவது ஸ்ரீவில்லிபுத்தூர். கோவிலைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அடுத்து வரும் ராஜபாளையம், கோட்டைகள் எனப்படும் குடியிருப்புகளையும் பஞ்சாலைகளையும் சுற்றி வளர்ந்தது. பயணிகளில் பெரும்பாலோர் முதல் ஊரில் ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு குற்றாலத்துக்கு வண்டியை விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மலையடிவாரத்தின் கட்டடக்கலையும் வாழ்க்கைமுறையும் முழுமையாகப் பிடிபடும்.

மேற்கே மலை மழையைத் தடுத்துக்கொள்வதால் அடிவாரத்து ஊர்களுக்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் அவற்றைத் தேக்கும் கண்மாய்களுமே நீராதாரம். மலையை ஒட்டிய பகுதியில் தென்னையும் மாவும் நெல்லும், கிழக்கே போகப் போகக் கரிசல் காடும் பருத்தியும் என்று நிலம் சில கிலோமீட்டருக்குள் மாறிவிடுகிறது. கோவிலுக்கு வேண்டிய பூவும் துளசியும் வாழைநாரும், பால்கோவாவுக்கு வேண்டிய பாலும், ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சும் இந்த மண்ணிலிருந்தே கிடைத்தன. ஊர்களின் குணத்தை நிலமே தீர்மானித்திருக்கிறது என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு காலத்தில் காடாக இருந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. மல்லி என்னும் வேட்டுவ அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரு பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி கொன்றுவிட, அவனைத் தேடி அலைந்த வில்லி களைத்து உறங்குகிறான். கனவில் பெருமாள் தோன்றி, ஆலமரத்தடியில் தாம் இருப்பதையும் அருகே புதையல் இருப்பதையும் உணர்த்துகிறார். அந்தப் பொருளைக் கொண்டு வில்லி காட்டைத் திருத்திக் கோவிலும் ஊரும் எழுப்பினான்; அதனால் வில்லிபுத்தூர் ஆயிற்று. திருமகளே ஆண்டாளாக இங்கு அவதரித்ததாகக் கொண்டு பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' சேர்ந்தது. ஊருக்குக் கிழக்கே மல்லி என்ற பெயரில் ஒரு சிற்றூர் இன்றும் உண்டு.

பேருந்திலோ ரயிலிலோ வருபவருக்கு ஊருக்கு முன்னால் தெரிவது வடபத்ரசாயி கோவிலின் ராஜகோபுரம். 11 நிலைகள், 11 கலசங்கள், 192 அடி உயரம். தென்னாட்டுக் கோபுரங்களின் பொதுவான முறைப்படி அடித்தளம் கருங்கல். மேலே எழும் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடச் சற்றே குறுகி, நடுவே ஒரு வாசல் திறப்புடன் மேலே மேலே போய், சாலை எனப்படும் நீண்ட வளைவுக் கூரையில் முடிகிறது. மதுரைக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு வருபவரின் கண்ணுக்கு ஒரு வேறுபாடு உடனே தட்டுப்படும். மதுரையில் சுவர் தெரியாத அளவுக்குச் சுதை உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும். இங்கே உருவங்கள் மிகக் குறைவு. அதனால் பத்தி பத்தியாக ஏறும் தூண்களும் கொடுங்கைகளும் மாடக்குழிகளும் மறைவின்றித் தெரிகின்றன. கோபுரத்தின் அளவுப் பொருத்தத்தையும் அது மெல்லச் சரிந்து ஏறும் கோட்டின் அழகையும் அறிய விரும்புவோர்க்கு, தமிழகத்தில் இதைவிடத் தெளிவான கோபுரம் கிடைப்பது அரிது. காலையில் கிழக்கு வெயில் நேராகப் படும்போது ஒவ்வொரு நிலையின் நிழலும் அதற்குக் கீழ்நிலையில் கோடு போட்டதுபோல் விழும். பார்ப்பதற்கு அதுவே நல்ல நேரம்.

பாண்டியன் வல்லபதேவனின் அவையில் திருமாலின் பரத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்ற பெரியாழ்வார், அந்தப் பொருளைக் கொண்டு இக்கோபுரத்தைக் கட்டுவித்தார் என்பது வைணவ மரபு. பாண்டியர் காலத்தில் வேர்கொண்ட கோவில் நாயக்கர் காலத்தில் மண்டபங்களாகவும் தூண் சிற்பங்களாகவும் விரிந்தது.

தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமே என்று ஊரார் பெருமையோடு சொல்வார்கள். 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்ட முத்திரை அது. வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். கோபுரம், அதன் முன் அசோகரின் சிங்கத் தூண், இருபுறமும் தேசியக்கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்'. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. இந்தக் கோபுரத்தைப் பரிந்துரைத்தார் என்பர். மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் மேலக் கோபுரத்தைப் பார்த்து வரையப்பட்டது என்ற கருத்தும் வலுவாகவே உண்டு. வழக்கு எப்படி இருந்தாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமே முத்திரைக் கோபுரம் என்பது பொதுமக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

கோபுரத்தைக் கடந்து உள்ளே போனால் வடபத்ரசாயி சன்னதி மாடியில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் நரசிம்மர். படியேறினால் கோபால விலாசம் என்னும் மண்டபம். பலரும் சேவிக்கும் அவசரத்தில் அண்ணாந்து பார்க்காமலே போய்விடும் இடம் இது. மேற்கூரை முழுக்க மரவேலை. கட்டம் கட்டமாகப் பிரித்துப் புராண உருவங்களும் பூவேலைப்பாடும் செதுக்கியிருக்கிறார்கள். கல்லில் வரவழைக்க முடியாத மென்மை மரத்தில் வந்திருக்கிறது. கருங்கல் கோவில்கள் நிறைந்த தமிழகத்தில் மரக்கூரை இந்த அளவுக்குத் தப்பிப் பிழைத்திருப்பது பெரிய பேறு. உள்ளே ஆலிலைப் பெருமாள், ஆதிசேடன்மேல் பள்ளிகொண்ட கோலத்தில். 108 திவ்விய தேசங்களில் ஒன்று இது. பெரியாழ்வார், ஆண்டாள் என்று இரண்டு ஆழ்வார்கள் தோன்றியதால் ஆழ்வார்கள் வரலாற்றில் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு.

வடபத்ரசாயி கோவிலுக்கும் ஆண்டாள் கோவிலுக்கும் இடையே நந்தவனம். பெரியாழ்வார் பெருமாளுக்கு மாலை கட்டப் பூக்கள் பயிர்செய்த தோட்டம் இதுவென்றும், துளசிச் செடியின் அடியில் ஆண்டாளை, குழந்தை கோதையாக, அவர் கண்டெடுத்தது இங்கேதான் என்றும் மரபு. பெருமாளுக்கென்று தொடுத்த மாலையைக் கோதை தானே சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அதைக் கண்டு பதறிய தந்தை வேறு மாலை கட்டிக் கொண்டுபோக, அவள் சூடிய மாலையே வேண்டும் என்றார் பெருமாள். சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்ற பெயர் வந்த கதை இது. மாலை சூடி முகம் பார்த்த கிணறு என்று ஆண்டாள் கோவில் பிராகாரத்தில் கண்ணாடிக் கிணற்றைக் காட்டுகிறார்கள். ஆண்டாள் பாடிய திருப்பாவை 30 பாசுரங்கள், நாச்சியார் திருமொழி 143 பாசுரங்கள். மார்கழி விடியலில் உலகமெங்கும் தமிழர் பாடும் பாட்டு பிறந்த இடம் இந்த நாலு வீதிக்குள்தான்.

ஆண்டாள் கோவிலின் தூண்கள் நாயக்கர் காலச் சிற்பிகளின் கைத்திறனுக்குச் சான்று. யாளித் தூண்கள், ஆளுயரத்துக்குக் குறையாத ரதி, மன்மதன், கர்ணன், அர்ஜுனன், அகோர வீரபத்திரர், வேணுகோபாலர் ஆகியோரின் சிலைகள். ஒரே கல்லில் தூணும் உருவமும். நகையின் மணியும் ஆடையின் மடிப்பும் விரலின் நகமும் தனித்தனியாகத் தெரியும்படி உளி போயிருக்கிறது. கருவறையில் ரங்கமன்னார் திருமணக் கோலத்தில் நிற்க, வலப்பக்கம் ஆண்டாள், இடப்பக்கம் கருடாழ்வார். மற்ற கோவில்களில் பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்கும் கருடன் இங்கே பக்கத்தில், ஒரே பீடத்தில் நிற்கிறார். மணமகனை விரைந்து சுமந்து வந்ததற்கான மரியாதை அது என்று விளக்கம் சொல்வார்கள். மேலே பொன் வேய்ந்த விமானம்.

ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி கல்லோ உலோகமோ அல்ல. அன்றாடம் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலைகளை மடித்து அடுக்கி உடலும் இறகும் அமைப்பார்கள். மூக்குக்கு மாதுளம்பூ, கண்ணுக்குக் காக்காப்பொன். மூங்கில் குச்சி எலும்பாகி உருவத்தைத் தாங்க, வாழைநார் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டும். பூக்களால் வாலும் கழுத்து ஆரமும் சேர்த்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும். இதைச் செய்யும் குடும்பத்தில் கைவேலை தலைமுறை தலைமுறையாக வருகிறது; எழுதி வைத்த அளவு எதுவும் இல்லை, கைப்பழக்கமே அளவு. மாலைப் பூசையில் ஆண்டாள் கைக்கு வரும் கிளி, பிறகு பக்தர் ஒருவருக்குப் பிரசாதமாகப் போய்விடுகிறது. மறுநாள் மறுபடி முதலிலிருந்து. 192 அடிக் கோபுரத்தைப் பல நூற்றாண்டு காத்த ஊர், ஒரு நாள் மட்டுமே வாழும் இந்தக் கிளியையும் அதே அக்கறையோடு காத்து வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் மரபை ஒரே பொருளில் காட்டச் சொன்னால் கோபுரத்தைவிட இந்தக் கிளியையே காட்டலாம்.

மாலையும் ஊர்விட்டு ஊர் போகிறது. சித்திரைத் திருவிழாவில் மதுரை வைகையில் இறங்கும் கள்ளழகர், ஆண்டாள் சூடிக்களைந்த மாலையை அணிந்தே இறங்குவார். புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது மாலையும் கிளியும் பட்டும் திருமலைக்குப் போகும்; கருட சேவையன்று வேங்கடவனுக்கு அவை சாற்றப்படும். திருவரங்கத்திலிருந்தும் திருமலையிலிருந்தும் ஆண்டாளுக்குப் பட்டு வருவதும் உண்டு. பெண்ணெடுத்த வீட்டுக்கும் பெண் கொடுத்த வீட்டுக்கும் நடக்கும் சீர்போல, மூன்று பெரிய கோவில்களோடு இந்த ஊருக்கு உறவு நடந்துகொண்டே இருக்கிறது.

விழாக்களில் மார்கழியும் ஆடியும் தலையானவை. பகல்பத்து தொடங்கும் நாளில் ஆண்டாள் பெரியாழ்வாரின் வழிவந்தவர்களான வேதபிரான் பட்டர் வீட்டுக்கு எழுந்தருளுகிறாள். பிறந்தகத்துக்கு வரும் பெண்ணை வரவேற்க, அந்த வீட்டு வாசலில் காய்கறிகளை மலைபோலப் பரப்பி வைப்பார்கள். பச்சை பரத்தல் என்று பெயர். மணிப்பருப்பும் திரட்டுப்பாலும் படைக்கப்படும். மார்கழியில் திருமுக்குளக்கரை மண்டபத்தில் ஆண்டாளுக்கு மூலிகைத் தைலம் சாற்றி நடக்கும் எண்ணெய்க்காப்பு, பாவை நோன்பு நீராட்டத்தின் தொடர்ச்சி. குளம், கரை மண்டபம், வீதி, வீட்டுத் திண்ணை ஆகிய நான்கும் அந்த நாட்களில் கோவிலின் பகுதிகளாகிவிடுகின்றன.

அரையர் சேவை இந்த ஊரில் தவறாமல் பார்க்க வேண்டியது. தமிழகத்தில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று இடங்களிலும், கர்நாடகத்தில் மேல்கோட்டையிலும் மட்டுமே இது நிலைத்திருக்கிறது. கூம்பு வடிவக் குல்லாய், தோளில் பெருமாள் மாலை, கையில் வெண்கலத் தாளம். அரையர்கள் பாசுரத்தை இசையோடு பாடி, கையாலும் முகத்தாலும் அபிநயித்து, பிறகு வியாக்கியானத்தை ஒப்பிப்பார்கள். பாட்டு, கூத்து, உரை மூன்றும் ஒருவரிடமே கூடும் கலை. மேடை கிடையாது, விளக்கு வெளிச்சம் கிடையாது. சன்னதிக்கு முன்னால் பெருமாளைப் பார்த்தபடியே நடக்கும். கூட்டம் பார்க்கிறதா என்பது அரையருக்குப் பொருட்டே அல்ல. தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் இக்கலையைக் கற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. கட்டடத்துக்குத் திருப்பணிக் குழு அமைப்பதுபோல, அரையர் கலைக்கும் முறையான நிதியும் பயிற்சியும் தேவை.

ஆடிப்பூரம் ஆண்டாளின் திருநட்சத்திரம். விழாவின் ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவை: பெரிய பெருமாள், ரங்கமன்னார், சுந்தரராஜப் பெருமாள், திருவண்ணாமலை ஸ்ரீனிவாசப் பெருமாள், திருத்தங்கல் அப்பன் ஆகிய ஐவரும் கருட வாகனத்தில் வர, ஆண்டாள் பெரிய அன்ன வாகனத்திலும் பெரியாழ்வார் சிறிய அன்ன வாகனத்திலும் எழுந்தருளுவார்கள். ஏழாம் நாள் சயன சேவையில் ஆண்டாளின் மடியில் ரங்கமன்னார் தலைவைத்துப் பள்ளிகொள்வார். ஒன்பதாம் நாள் தேர்.

தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று இது. நிலையில் நிற்கும்போது மரச்சட்டங்களில் செதுக்கிய உருவங்களை நிதானமாகப் பார்க்கலாம். ஓடும்போது தேர்ச்சீலையும் தோரணமும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மரச்சக்கரம் இருந்த காலத்தில் தேர் நாலு வீதி சுற்றி நிலைக்கு வரப் பல நாள் பிடித்ததைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். இரும்புச் சக்கரம் வந்தபின் ஒரே நாளில் நிலை சேர்கிறது. ஆனாலும் வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோரைவிடச் சக்கரத்தின் அடியில் சறுக்குக்கட்டை போடுபவரின் வேலையே கடினமானது. தேர் திரும்பும் திசையும் நிற்கும் இடமும் அவர் கையில். உருளும் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் குனிந்து கட்டையைச் செருகி, கணப்பொழுதில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். நாலு வீதிகளின் அகலமும் முனைகளின் திருப்பமும் இந்தத் தேரின் அளவுக்கு ஏற்ப அமைந்தவை. வீதியை ஆக்கிரமித்துப் படி கட்டும்போதும் தாழ்வாக மின்கம்பி இழுக்கும்போதும் குறைவது தேரின் பாதையே என்பதை ஊர் மறக்கக் கூடாது.

திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) இவ்வூரில் கட்டிய மகால் மதுரை மகாலைவிட மிகச் சிறியது. நெடுங்காலம் நீதிமன்றமாக இயங்கிய அக்கட்டடம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தது. தூணும் வளைவும் சுண்ணாம்புப் பூச்சும் மதுரையின் மாதிரியைச் சிறு அளவில் காட்டுகின்றன. ஆண்டாளுக்குப் பூசை முடிந்த பிறகே உணவு கொள்ளும் விரதம் நாயக்கருக்கு இருந்ததாகவும், பூசை முடிந்த செய்தி மதுரைக்கு எட்ட வழிநெடுக மணி மண்டபங்கள் கட்டி, ஒரு மணியோசை கேட்டு அடுத்த மணியை அடிக்க ஆள் வைத்ததாகவும் சொல்வார்கள். ஊருக்கு மேற்கே மடவார்வளாகத்தில் உள்ள வைத்தியநாத சுவாமி கோவிலும் நாயக்கரோடு இணைத்துப் பேசப்படுகிறது. தீராத வயிற்றுவலி அங்கே நீங்கியதாக வழக்கு. வைணவத் தலமாகவே பெயர்பெற்ற ஊரில் இப்படியொரு பெரிய சிவன் கோவில் இருப்பது வெளியூராருக்கு அவ்வளவாகத் தெரியாது. பெரிய மாரியம்மன் கோவிலின் பங்குனிப் பூக்குழியில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் அனைத்தும் கூடுகின்றன. ஆண்டாள் தேருக்கு வரும் கூட்டமும் பூக்குழி இறங்க வரும் கூட்டமும் சேர்ந்ததுதான் இந்த ஊர்.

பால்கோவாவுக்கு வருவோம். அகலமான இரும்புச் சட்டியில் பாலை ஊற்றி, விறகு அடுப்பில் ஏற்றி, நீண்ட துடுப்பால் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். 10 லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரை. வேறு எந்த மாவும் மணமும் சேர்ப்பதில்லை. பால் குறுகிக் குறுகிச் சட்டியின் ஓரத்தில் படியும் ஆடையைத் துடுப்பு சுரண்டி நடுவே தள்ளும். அந்த ஆடைத் துணுக்குகளே நாக்கில் மணல்மணலாகத் தெரிவது. தீ ஒரு கணம் மிஞ்சினால் நிறம் கருகிவிடும், குறைந்தால் இழுபடும். பதம் பார்ப்பவர் துடுப்பிலிருந்து விழும் விதத்தை வைத்தே இறக்கிவிடுவார். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேருந்து நிலையத்தில் வாங்குவதைவிட, அடுப்பு எரியும் கடையைத் தேடிப்போய்ச் சூடு ஆறாததை வாங்குவது நல்லது.

ஊரிலிருந்து மேற்கே மலைப்பக்கம் போனால் திருவண்ணாமலை என்னும் குன்று. அருணாசலேசுவரரின் திருவண்ணாமலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே மேலே இருப்பவர் ஸ்ரீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்று போற்றப்படும் இக்குன்றில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படி தெரியாத கூட்டம். இன்னும் மேற்கே செண்பகத்தோப்பு. காட்டுக்குள் காட்டழகர் கோவில். சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இங்கே தொடங்குகிறது. மரக்கிளைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் இடத்தில்தான் இந்த அணில் வாழும். தரையில் இறங்குவது அரிது. 2021-இல் இந்தக் காடும் மேகமலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயின. கண்டனைக் கொன்ற புலியின் கதை பிறந்த காட்டில் புலிக்கு இன்று சட்டத்தின் காவல்.

நெடுஞ்சாலையில் தெற்கே கால் மணி நேரத்தில் ராஜபாளையம். விண்ணை முட்டும் கோபுரம் இங்கில்லை. பெத்தவநல்லூர் மாயூரநாத சுவாமி கோவிலும், ஊருக்குக் கிழக்கே தனித்து நிற்கும் சஞ்சீவி மலையும் அடையாளங்கள். விஜயநகரப் படைகளோடு ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து தங்கியவர்கள் என்பது இவ்வூரின் ராஜுக்கள் சமூகத்தாரின் மரபுவழிச் செய்தி. வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ். பழையபாளையம், சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை, திருவனந்தபுரம் என்னும் குடியிருப்புகளாக அவர்கள் அமைந்தார்கள். கோட்டை என்ற பெயரைக் கேட்டு மதிலும் அகழியும் தேடினால் கிடைக்காது. உறவின்முறையாக ஒருங்கே வாழ்ந்த தெருக்களின் தொகுதியே கோட்டை.

ஒவ்வொரு கோட்டைக்கும் நடுநாயகமாகச் சாவடி. ராஜபாளையத்தின் உயிர்க் கட்டடம் இதுதான். தெருவைப் பார்த்துத் திறந்த பெரிய கூடம்; பலர் கூடி உட்காரும் மேடை. கல்யாணப் பேச்சு, துக்க வீட்டுக் காரியம், பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்து, திருவிழா வரி, எல்லாம் இங்கேதான் முடிவாகும். கதவில்லாத திறப்பே இதன் இலக்கணம்: உள்ளே நடப்பது தெருவில் போகிறவனுக்கும் தெரிய வேண்டும். கோவில் மண்டபத்தைப் போன்ற சிற்பம் இல்லை என்பதால் சுற்றுலாக் கையேடுகளில் சாவடிக்கு இடமில்லை. அது பெரிய குறை.

இத்தகைய கட்டடங்களை மதிப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு பிரான்சில் உண்டு. அங்கே 1982-இல் சிற்றூர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. மக்கள்தொகை 2,000-க்கு மிகாத, பாதுகாக்கப்பட்ட இரண்டு சின்னங்களாவது உள்ள ஊர்களை மட்டுமே அது சேர்த்துக்கொண்டு, 'பிரான்சின் மிக அழகிய ஊர்கள்' என்று அடையாளம் காட்டுகிறது. அந்நாட்டுச் சிற்றூர்களில் தேவாலயத்தோடு ஊர்ப் பொதுத் துணிதுவைக்கும் துறையும், கூரை வேய்ந்த சந்தைக்கூடமும், ரொட்டி சுடும் பொது அடுப்பும் மரபுச் சின்னங்களாகப் பேணப்படுகின்றன. மக்கள் கூடிப் புழங்கிய இடம் என்பதே அவற்றின் தகுதி. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் ராஜபாளையத்துச் சாவடிகள் முதலிடத்துக்கு வரும். தொல்லியல் துறையின் பட்டியலில் வராத கட்டடங்களையும் காக்க வகைசெய்யும் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. சாவடிகளையும், திண்ணையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகளையும் அதன்கீழ் பதிவுசெய்யும் வேலையை ஊர்க்காரர்களே முன்நின்று தொடங்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் ஊரின் முகத்தை மாற்றியவை பஞ்சாலைகள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் அவற்றுக்கு முன்னோடி. ராம்கோ குழுமம் அதன் வழி வளர்ந்தது. ஆலைச் சங்கு நேரம் காட்டிய ஊர் இது. அருகே சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது புடவை அல்ல, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி. இந்தியாவின் எத்தனையோ மருத்துவமனைகளில் காயத்தைக் கட்டும் வெள்ளைத் துணி இந்தச் சிற்றூரின் தெருக்களில் நெய்யப்பட்டதாக இருக்கலாம். தெருவோரம் நின்றாலே தறிச் சத்தம் காதை அடைக்கும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்து, பின்னர் ஒரிசாவின் ஆளுநரான பி.எஸ். குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அது காந்தி கலை மன்றமாக விளங்குகிறது.

ஊர்ப் பெயரைத் தாங்கிய நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்ந்த கால்கள், ஒடுங்கிய வயிறு, பால்வெள்ளை மயிர், இளஞ்சிவப்பு மூக்கு. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாட்டுநாய் இன அஞ்சல் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. முழு வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமை வருவதுண்டு. ஆகவே வாங்குபவர் கைதட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. ஒருவருக்கே பழகும் குணமும் ஓடுவதற்குப் பரந்த இடம் வேண்டும் என்ற தேவையும் உள்ள இந்த நாயை அடுக்குமாடி வீட்டில் கட்டிப்போடுவது அதற்குச் செய்யும் கொடுமை.

மேற்கே மாந்தோப்புகள். தட்டையான வடிவத்தால் பெயர்பெற்ற சப்பட்டை மாம்பழம் இந்தப் பக்கத்துக்கே உரியது. கோடையில் சாலையோரக் கூடைகளில் கிடைக்கும். தோப்புகளைத் தாண்டினால் ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம், அதற்கப்பால் காட்டாற்றின் கரையில் அய்யனார் கோவில். மலையிலிருந்து விழும் நீரில் குளித்து, பொங்கல் வைத்து, ஒரு பகல் முழுக்கக் குடும்பத்தோடு இருந்துவிட்டுப் போவது ராஜபாளையத்தாரின் பழக்கம்.

மார்கழி முதல் மாசி வரை இந்தப் பகுதியில் வெயில் தணிந்திருக்கும். அரையர் சேவையும் எண்ணெய்க்காப்பும் மார்கழியில், தேர் ஆடியில். சென்னையிலிருந்து வருவோர்க்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இரு ஊர்களிலும் நிற்கிறது. கோவில் நடை மதியம் சாத்தி மாலையில் திறக்கும் என்பதால், காலையில் கோபுரத்தையும் கோபால விலாசத்தையும் பார்த்து, மதியத்தை ராஜபாளையத்துச் சாவடிகளுக்கு ஒதுக்கி, மாலையில் கிளி சாற்றும் நேரத்துக்கு ஆண்டாள் சன்னதிக்குத் திரும்புவது வசதி. செண்பகத்தோப்புக்கும் அய்யனார் கோவிலுக்கும் செல்வோர் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மலையில் மழை பெய்தால் ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும், அந்த நாட்களில் அனுமதி கிடையாது.